கணக்கு வாத்தியார் முகம்

கும்பகோணத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். ரெவினியூ இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் சென்னைப் பட்டணத்துக்கு வந்தது நாலைந்து தடவைதான். ஆனால் லண்டன் நகரத்தின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாரிங் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து பேக்கர் தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், மகாமகக் குளத்திலிருந்து கும்பேசுவரர் கோயிலுக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிடுவார். எல்லாம் ஷெர்லாக் ஹோம்ஸின் உபயம். கானன் டாயில் எழுதிய 56 சிறுகதைகளையும் 4 நாவல்களையும் அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று கண்டுபிடிக்க அந்த ஹோம்ஸே வந்தால்தான் உண்டு.

ஒரு மழைக்கால இரவில், திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஓர் அந்தரங்கத்தை வெளியிட்டார்.

"ஹோம்ஸ் ஹோம்ஸ்னு படிக்கிறேனே, எனக்கு அவன் யார் தெரியுமோ? எங்க கணக்கு வாத்தியார்தான்!"

கணக்கு வாத்தியார் நெட்டையாக, ஒல்லியாக, கழுகு மூக்கோடு இருப்பாராம். வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து வைத்துக்கொண்டு, பையன்களை வரிசையாக ஒரு பார்வை பார்ப்பாராம். விரலில் இருக்கும் மைக்கறையைப் பார்த்தே, வீட்டுக் கணக்கைக் காலையில் அவசர அவசரமாக இன்னொருவன் நோட்டைப் பார்த்து எழுதியவன் யார் என்று சொல்லிவிடுவாராம். சித்தப்பா ஹோம்ஸைப் படிக்கத் தொடங்கியது அந்த வருஷம். அதனால் வாட்ஸன் எப்போது கதவைத் திறந்தாலும், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கும்பகோணத்துக் கணக்கு வாத்தியார்தான். குழாய்க்குப் பதில் பொடி டப்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1980-களின் கடைசியில் என் நண்பர் ஒருவர் லண்டனிலிருந்து திரும்பும்போது சில வீடியோ கேசட்டுகள் கொண்டுவந்தார். ஜெரமி பிரெட் என்ற நடிகர் ஹோம்ஸாக நடித்த டெலிவிஷன் தொடர். சித்தப்பா பரவசப்படுவார் என்று நினைத்து, கேசட்டையும் அதைப் போடும் பெட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் போய் இறங்கினேன். அவரோ பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார்.

"வேண்டாம்டா. எனக்கு எங்க வாத்தியாரே போதும்!"

சித்தப்பா கடைசியில் பார்த்தாரா, இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். அவருடைய பயம் எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது. பிற்பாடு இந்தத் துப்பறியும் நாவல்கள் டெலிவிஷனுக்கு வந்த சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தபோது, அது வேடிக்கையில்லை என்று தெரிந்தது. நாவலை எழுதியவர்களும், நடித்தவர்களும், லட்சக்கணக்கான வாசகர்களும் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அறுபது எழுபது வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். மனசுக்குள் ஏற்கனவே ஒரு முகம் குடியிருக்கும்போது, அதைக் காலி செய்துவிட்டு இன்னொரு முகத்தைக் குடிவைக்க யாருக்கு உரிமை?

இந்த வழக்கில் டெலிவிஷன்தான் முதல் குற்றவாளி என்று சொல்ல முடியாது. 1891-ல் 'ஸ்ட்ராண்ட்' மாதப் பத்திரிகையில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கியபோது, ஸிட்னி பாஜெட் என்ற ஓவியர் படம் போட்டார். உண்மையில் பத்திரிகைக்காரர்கள் கேட்டது அவருடைய தம்பி வால்டரை என்றும், கடிதம் அண்ணன் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் ஒரு கதை சொல்வார்கள். அண்ணனும் சளைக்கவில்லை, தம்பியையே எதிரில் வைத்துக்கொண்டு ஹோம்ஸை வரைந்துவிட்டாராம்! கானன் டாயில் மனத்தில் இருந்த ஹோம்ஸ் இன்னும் ஒடுங்கிய முகமும், கூரிய மூக்கும், ஒன்றையொன்று நெருங்கிய கண்களும் கொண்ட ஆசாமி. பாஜெட் அவரை அழகனாக்கிவிட்டார். டாயில் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் இதைச் சொல்லிவிட்டு, பெண் வாசகர்களை உத்தேசித்தால் அதுவும் நல்லதுதான் என்று சமாதானம் செய்துகொள்கிறார். காதுகளை மூடும் அந்தப் பிரசித்தி பெற்ற தொப்பியைத் தலையில் வைத்ததும் பாஜெட்தான். 1899-ல் நாடகமேடையில் ஹோம்ஸாக வந்த வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர் வாயில் வளைந்த குழாயைச் செருகிவிட்டார். ஆக, சொந்தக்காரர் கண்ணெதிரிலேயே வீட்டை ஒவ்வொருவராக மாற்றிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

டெலிவிஷனில் இந்தக் காரியம் 1937-ல் ஆரம்பமாயிற்று. பி.பி.ஸி. அப்போதுதான், 1936 நவம்பரில், லண்டனில் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. லண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டிப் படம் தெரியாது. அந்த வட்டத்திலும் பெட்டி வைத்திருந்தவர்கள் வசதியுள்ள சிலரே. 1937 ஜூன் 18-ஆம் தேதி அகதா கிறிஸ்டியின் 'குளவிக் கூடு' கதை அதில் நாடகமாக வந்தது. தம் சிறுகதையை நாடகமாக மாற்றிக் கொடுத்தவர் அகதா கிறிஸ்டியேதான். பொய்ரோவாக நடித்தவர் பிரான்ஸிஸ் ஸல்லிவன். கதையில் பொய்ரோ ஐந்தடி நாலங்குல மனிதர். முட்டைத் தலை, மெழுகு தடவிய மீசை. ஸல்லிவனோ ஆறடியைத் தாண்டிய ஆஜானுபாகு. உடம்பும் அதற்குத் தகுந்தாற்போல. கதாசிரியையே கூட இருந்தும் முதல் முகம் இப்படித்தான் அமைந்தது! அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் என்.பி.ஸி. நிறுவனம் பரீட்சார்த்தமாக 'மூன்று கார்ரிடெப்கள்' என்ற ஹோம்ஸ் கதையை ஒளிபரப்பிற்று. ஹோம்ஸ் வேஷம் போட்டவர் லூயி ஹெக்டர். டெலிவிஷனின் முதல் ஹோம்ஸ் அவரே.

இந்த இரண்டும் இன்று பார்க்கக் கிடைக்காது. எல்லாம் நேரடி நடிப்பு. பதிவு செய்யும் வழக்கம் இல்லை. நம் ஊர்க் கூத்துமாதிரி, பொழுது விடிந்தால் கூத்து முடிந்தது; பார்த்தவன் ஞாபகத்தில் இருந்தால் உண்டு. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி யுத்தத்தை முன்னிட்டு பி.பி.ஸி. டெலிவிஷனையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1946 ஜூனில்.

1951-ல் பி.பி.ஸி. ஆறு ஹோம்ஸ் கதைகளைத் தொடராகக் கொடுத்தது. ஆலன் வீட்லி ஹோம்ஸ். ரேமண்ட் பிரான்ஸிஸ் வாட்ஸன். நாடகமாக்கியவர் ஸி.ஏ. லெஜூன், பேர்பெற்ற சினிமா விமரிசகி. விமரிசகர்கள் பேனா பிடித்துக் கதை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தொடர் ஓர் உதாரணம். பேக்கர் தெரு அறையில் ஹோம்ஸ் பேசிக்கொண்டே இருப்பார். அடுத்த வினாடி வேறு இடத்தில் வேறு காட்சியில் அவர் நின்றாக வேண்டும். சினிமாவானால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். நேரடி ஒளிபரப்பில் மனிதன் எங்கே பறப்பது? காட்சிக்குக் காட்சி ஓட நேரமே விடவில்லை என்று வீட்லி பிற்காலத்தில் அங்கலாய்த்துக்கொண்டார். அந்த ஆறு கதைகளும் மிஞ்சவில்லை.

அப்புறம் காந்த நாடா வந்தது. பதிவு செய்ய முடிந்தது. இனியாவது கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? நாடாவின் விலை அதிகம். ஒருமுறை ஒளிபரப்பான நாடகத்தை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை எச்சில் தொட்டுத் துடைப்போமே, அதேபோல! 1968-ல் பீட்டர் குஷிங் ஹோம்ஸாக நடித்து, வர்ணத்தில் வெளியான 16 கதைகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை ஆறே ஆறு. அழித்தவர் யாரும் கொடியவர் அல்ல. ஸ்டோரில் சிக்கனம் பார்த்த நல்ல குமாஸ்தா. இதை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். என் சித்தப்பா 60 கதைகளையும் திரும்பத் திரும்பப் படிக்கிறாரே, அந்த ஜாதி மனிதர்களை அவருக்குத் தெரியாது.

குஷிங்குக்கு முன்னால், 1965 தொடரில், டக்ளஸ் வில்மர் என்பவர் ஹோம்ஸாக நடித்தார். கையில் வந்த நாடகப் பிரதிகள் மோசமாக இருந்ததால் ராத்திரி கண்விழித்து அவரே திருத்தி எழுதுவாராம். அடுத்த தொடரில் ஒத்திகைக்கான நாட்களைக் குறைப்பதாகச் சொன்னதும் கும்பிடு போட்டுவிட்டு விலகினார். நல்ல ஆயுள் அவருக்கு. 2012-ல், வேறொரு தலைமுறையின் ஹோம்ஸ் நாடகத்தில், டயோஜனீஸ் கிளப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவராக ஒரு நிமிஷம் தலைகாட்டினார். தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த நாட்களில் ஆசிரியர் மனசுக்கும் நடிகர் முகத்துக்கும் பொருத்தம் கூடி வந்தது ஒரே இடத்தில் என்று சொல்லலாம். ஜார்ஜ் ஸிமெனானின் பிரெஞ்சு இன்ஸ்பெக்டர் மெக்ரே. 1960 முதல் 1963 வரை ரூபர்ட் டேவிஸ் என்ற ஆங்கிலேய நடிகர் அந்த வேஷத்தில் 52 கதைகளில் வந்தார். இருட்டில் சுவரிலே ஒரு தீக்குச்சியைக் கிழித்து, குழாயைப் பற்றவைக்க, அந்த வெளிச்சத்தில் முகம் தெரியும். அதுதான் ஒவ்வொரு வாரமும் ஆரம்பம். ஸிமெனானுக்கு இந்த மெக்ரேயை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் ஊர் ஜனங்களுக்கும் பிடித்துப்போனதுதான் டேவிஸுக்கு ஆபத்தாக முடிந்தது. அதற்கப்புறம் அவர் எந்த வேஷத்தில் வந்தாலும் ஜனங்கள் மெக்ரே வந்துவிட்டதாகவே நினைத்தார்கள். அந்தத் தீக்குச்சி வெளிச்சத்திலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை.

அகதா கிறிஸ்டியோ 1937-க்குப் பிறகு இந்தப் பெட்டியை நம்பவில்லை. 1956 டிசம்பரில் அமெரிக்க டெலிவிஷனில், கிரேஸி பீல்ட்ஸ் என்ற பாட்டுக்காரி மிஸ் மார்ப்பிளாக வந்தார். 1960-களில் சினிமாக்காரர்கள் மார்கரெட் ரூதர்போர்டை மிஸ் மார்ப்பிளாக்கி நாலு படம் எடுத்தார்கள். ரூதர்போர்ட் அற்புதமான நடிகை. திரையில் தோன்றினாலே சிரிப்பு வரும். சங்கடமே அதுதான். மிஸ் மார்ப்பிள் சிரிப்பு மூட்டுகிறவள் அல்ல. கம்பளி நூலைப் பின்னிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவள் அங்கே இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நம் வீட்டுக் கலியாணங்களில் கூடத்து மூலையில் ஒரு பாட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாளே, யார் யாரோடு பேசவில்லை, எந்தச் சம்பந்தி முகம் எப்போது சுண்டிற்று என்பதெல்லாம் அவளுக்குத் தெரியுமே, அந்த வம்சம். படங்கள் கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடிகையை அவர் வெறுக்கவில்லை. 1962-ல் வெளிவந்த மார்ப்பிள் நாவல் ஒன்றை ரூதர்போர்டுக்கே சமர்ப்பணம் செய்தார். பெரிய மனுஷித்தனம் என்றால் அது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1945-ல் கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் ஜோன் ஹிக்ஸன் என்ற நடிகை நடித்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதைப் பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். வருஷங்கள் ஓடின. 1961-ல் ரூதர்போர்டின் முதல் மார்ப்பிள் படத்தில் ஹிக்ஸனுக்கு வேஷம் கிடைத்தது. என்ன வேஷம் என்றால் வீட்டு வேலைக்காரி! அசல் மார்ப்பிள், வேறொரு மார்ப்பிளின் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கிறிஸ்டி 1976 ஜனவரியில் காலமானார். அந்தச் சீட்டிலே எழுதியிருந்தது பலித்தது 1984 டிசம்பரில்; பி.பி.ஸி.யின் முதல் மார்ப்பிள் கதை வெளிவந்தபோது ஹிக்ஸனுக்கு 78 வயது. 86 வயதுவரை நடித்து, பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களையும் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இதுவரை யாரும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஹிக்ஸன் பேசும்போது பார்க்க வேண்டாம்; பிறர் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாருங்கள்.

அதே 1984-ல்தான் மான்செஸ்டரில் கிரானடா நிறுவனம் ஜெரமி பிரெட்டை ஹோம்ஸாக்கியது. தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸுக்கு ஒரே பிடிவாதம். பாஜெட்டின் படமும் டாயிலின் எழுத்தும் அப்படியே திரைக்கு வரவேண்டும். பேக்கர் தெருவையே ஸ்டுடியோவில் கட்டி எழுப்பினார்கள். கதைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்போது எரிந்து விழுவார், வாட்ஸன் என்ன குடிப்பார் என்றெல்லாம் திரட்டி, 77 பக்கத்தில் ஒரு குறிப்பேடு தயாரித்தார்கள். என் சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரத்தில் தனியாளாக முடித்துக் கொடுத்திருப்பார்.

வாட்ஸனுக்கும் அந்தத் தொடரில்தான் நியாயம் கிடைத்தது. பழைய சினிமாக்களில் வாட்ஸன் அசடு. ஹோம்ஸின் புத்தியைக் காட்டுவதற்காகத் தடுக்கி விழுகிற விதூஷகன். ஆனால் டாயில் அப்படி எழுதவில்லை. யுத்தம் பார்த்த டாக்டர். வாசகர்களாகிய நம்மைப்போலச் சராசரிப் புத்தியுள்ள யோக்கியர். முதலில் டேவிட் பர்க்கும், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக்கும் அந்த மனிதருடைய கௌரவத்தை மீட்டுக் கொடுத்தார்கள்.

பிரெட் சம்பந்தப்பட்ட கதைதான் மனசை என்னவோ செய்கிறது. அழகர், மேடையில் பேர் வாங்கியவர், 1980-ல் அமெரிக்காவில் ஒரு நாடகத்தில் வாட்ஸனாகவே நடித்திருக்கிறார். ஹோம்ஸ் வேஷம் வந்ததும் டாயிலின் புத்தகத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. நாடகப் பிரதியில் ஒரு வரி மூலத்திலிருந்து விலகினால் படப்பிடிப்பு மேடையில் சண்டை. 1985 ஜூலையில் அவருடைய மனைவி ஜோன் வில்ஸன் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷம் செப்டம்பரில், ஹோம்ஸ் ரைகன்பாக் அருவியில் விழும் கதை ஒளிபரப்பாயிற்று. மறுவருஷம் பிரெட் மனநிலை பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு சமயம் உற்சாகம் கரை புரளும், ஒரு சமயம் அடியாழத்தில் விழும், அப்படிப்பட்ட வியாதி. ஹோம்ஸுக்கும் கதைகளில் இதே சுபாவம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். துப்பு கிடைத்தால் வேட்டை நாய். கிடைக்காவிட்டால் நாள் கணக்கில் சோபாவில் பிணம்போல் கிடப்பார். தம்மிடம் இருந்த இருட்டையே பிரெட் ஹோம்ஸுக்குக் கடன் கொடுத்தார். ஹோம்ஸும் அதைத் திருப்பித் தரவில்லை.

லிதியம் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. உடம்பு ஊதிற்று. இருதயம் சிறு வயதிலேயே காய்ச்சலில் பழுதுபட்டது. கத்திபோல் இருந்த ஹோம்ஸின் முகம் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போவதை, தொடரை வரிசையாகப் பார்க்கிறவர்கள் காணலாம். 1988-ல் வந்த 'பேயின் பாதம்' கதையில், ஹோம்ஸ் போதை ஊசியைக் கடற்கரை மணலில் புதைத்துவிடும் ஒரு காட்சி உண்டு. மூலக்கதையில் அது கிடையாது. ஒரு வரி மாறினால் சண்டை போட்டவர், சிறுவர்களும் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்பதற்காக, டாயிலின் மகள் ஜீனுடைய சம்மதத்தைப் பெற்று இதைச் சேர்த்தார். கடைசித் தொடரின்போது, 1994-ல், ஒரு கதையில் பிரெட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால், ஹோம்ஸின் அண்ணன் மைக்ராப்டை வைத்தே துப்பறிய வேண்டியதாயிற்று. 41 படங்களோடு தொடர் நின்றது. 1995 செப்டம்பர் 12-ஆம் தேதி பிரெட் தம் 61-வது வயதில் மாரடைத்து இறந்தார். அவருக்கு அப்புறம் அந்தக் கதைகளை அச்சில் படிக்கிற எத்தனையோ பேருக்கு அவர் முகம்தான் வருகிறது. அந்த முகத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் ஹோம்ஸ் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 1979 முதல் 1986 வரை, பனிப்போர் மும்முரமாக நடந்த காலத்தில், லெனின்கிராடில் உள்ள லென்பிலிம் ஸ்டுடியோவில், ஐகார் மஸ்லெனிகோவ் என்ற டைரக்டர் ஹோம்ஸ் கதைகளை டெலிவிஷனுக்காக எடுத்தார். லண்டனுக்குப் போக வழியில்லை. ஆகவே லாட்வியாவின் ரீகா நகரத்தில் யௌனியேலா என்ற குறுகலான தெருவைப் பிடித்து, அதையே பேக்கர் தெரு ஆக்கினார்கள். ஹோம்ஸ், வாஸிலி லிவானவ். வாட்ஸன், விடாலி ஸலோமின். லிவானவுக்குக் கரகரத்த குரல். அதே குரலில் சோவியத் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் முதலை ஒன்றும் பேசியிருக்கிறது! கேட்டால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் அரசாங்கமே 2006-ல் லிவானவுக்குக் கௌரவ விருது கொடுத்தது. மறுவருஷம் மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் பக்கத்தில் ஹோம்ஸ், வாட்ஸன் சிலைகள் வைத்தார்கள். முகச்சாயல் லிவானவும் ஸலோமினும். ரஷ்ய வாசகன் மனத்தில் அந்த முகம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இங்கிலாந்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

பொய்ரோவுக்கு அரை நூற்றாண்டு கழித்து முகம் கிடைத்தது. டேவிட் ஸூஷேயிடம் அந்த வேஷத்தைத் தொடாதே என்று அவருடைய அண்ணனே எச்சரித்தார். ஸூஷே கேட்கவில்லை. நாவல்களை எல்லாம் வரிசையாகப் படித்து, பொய்ரோவின் குணங்களை 93 குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டார். கிறிஸ்டியின் மகள் ரோஸலிண்ட் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஜனங்கள் பொய்ரோவோடு சேர்ந்து சிரிக்கட்டும், பொய்ரோவைப் பார்த்துச் சிரிக்க விட்டுவிடாதீர்கள் என்பது. முதல் படப்பிடிப்பிலேயே சோதனை வந்தது. பூங்காவில் ஒரு பெஞ்சியில் பொய்ரோ உட்காரவேண்டும். பொய்ரோ சுத்தக்காரர், கைக்குட்டையை எடுத்துத் தட்டி, விரித்து, அதன் மேல்தான் உட்காருவார் என்றார் ஸூஷே. அசட்டுத்தனமாக இருக்கும், சும்மா உட்காருங்கள் என்றார் டைரக்டர். வாக்குவாதம் முற்றி, படப்பிடிப்பு நின்று, தயாரிப்பாளர் வந்து பஞ்சாயத்துப் பண்ணவேண்டியதாயிற்று. தீர்ப்பு கைக்குட்டைக்கே! அன்று கைக்குட்டை தோற்றிருந்தால், பிற்பாடு 25 வருஷம் அந்த மனிதரை உலகம் நம்பியிருக்குமா என்பது சந்தேகம். 1989 ஜனவரியில் தொடங்கி 2013 நவம்பர் வரை 70 படங்கள். பொய்ரோ இறந்துபோகும் 'திரை' என்ற கடைசிக் கதையை முன்னாலேயே எடுத்து முடித்துவிட்டு, வேறொரு கதையை, கிறிஸ்டி வாழ்ந்த கிரீன்வே மாளிகையிலேயே, கடைசியாகப் படம் எடுத்தார்கள். பொய்ரோவை உயிரோடு வைத்துவிட்டு விடைபெற அது நல்ல ஏற்பாடு.

இவ்வளவு பக்திசிரத்தையாக எடுத்தவர்களும் ஓரிடத்தில் சறுக்கினார்கள். 'ரோஜர் அக்ராய்டின் கொலை' என்ற நாவல் 1926-ல் வந்தது. படித்திராதவர்கள் பயப்படவேண்டாம், முடிவைச் சொல்கிற பாவத்தை நான் செய்யமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாவலில் கிறிஸ்டி செய்த வித்தை அச்செழுத்தில் மட்டுமே செய்யக்கூடிய வித்தை. நீங்கள் ஒரு வாக்கியத்தைப் படித்து நம்புகிறீர்கள், அதே வாக்கியத்தைத் திரும்பி வந்து படித்தால் அது பொய்யே சொல்லவில்லை என்று தெரிகிறது, ஏமாந்தது நாம்தான். காமிராவுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாக்கியத்தில் விட்டுவிட்ட பத்து நிமிஷத்தைப் படத்தில் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 2000-ஆம் வருஷம் ஸூஷே தொடரில் அந்தக் கதை வந்தபோது, அந்த வித்தையைக் கைவிட்டு, ஒரு டயரியைப் பொய்ரோ படிப்பதுபோல் மாற்றி ஒப்பேற்றினார்கள். கதை இருந்தது, நாவல் இல்லை. என்போன்ற எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் என்பதை மறைப்பானேன்?

2010-ல் பி.பி.ஸி. ஹோம்ஸை நம் காலத்துக்கே இழுத்துக்கொண்டு வந்து, கையில் செல்போனைக் கொடுத்துவிட்டது. வாட்ஸன் மட்டும் மாறவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. 1880-களிலும் அவர் ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் காயம்பட்டுத் திரும்பியவர், 2010-லும் அப்படியே!

நம் பக்கத்திலும் இந்தச் சோதனை நடந்ததுண்டு. சரதிந்து பந்தோபாத்யாய 1932-ல் படைத்த வங்காளத் துப்பறிவாளர் வ்யோம்கேஷ் பக்ஷி 1993-ல் தூர்தர்ஷனில் வந்தார். டைரக்டர் பாஸு சாட்டர்ஜி. நடித்தவர் ரஜித் கபூர். ஆர்ப்பாட்டமில்லாத நல்ல காரியம். தேவனின் துப்பறியும் சாம்புவும் தூர்தர்ஷனுக்கு வந்தார். கோபுலுவின் கோடுகளில் சாம்புவைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகனுக்கு முன்னால், அந்த மூக்கோடு போட்டி போட எந்த நடிகருக்கும் துணிச்சல் வேண்டும். காத்தாடி ராமமூர்த்திக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. தமக்கே தெரியாமல் துப்பறிந்துவிட்டு விழிக்கிற அந்த விழிப்பை அவர் பிடித்துவிட்டார்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் பிடிவாதமாக இருந்தவர், நாலாம் நாள் சாயங்காலம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, "சரி, போடு, பார்ப்போம்" என்றார். 'செந்தலையர் சங்கம்' கதையைப் போட்டேன். ஐம்பது நிமிஷம் மூச்சு விடாமல் பார்த்தார். முடிந்ததும், "குத்தம் சொல்ல முடியலை. அசத்திப்பிட்டான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சக் கேசட்டுகளையும் மறுநாளே போட்டுக் காட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது.

"சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். புஸ்தகத்தை எடுத்தால் அந்த வெள்ளைக்காரன்தான் வருகிறான். நம் வாத்தியாரை நினைத்துப் பார்க்கிறேன். பொடி டப்பி வருகிறது, பஞ்சகச்சம் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. நாலு நாளாய்த் தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன் எல்லோருமாக எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ ஒன்று உன் அப்பா பெட்டியில் இருந்தது. தேடிப் பார்க்கவும்."

அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய பத்திரங்களுக்கு அடியில் போட்டோ கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நடுவரிசையில் நாற்காலிகளில் ஆசிரியர்கள். வலது கோடியில் கணக்கு வாத்தியார். மூக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டை வைத்துக் கட்டி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

பதில் கார்டு பத்து நாளில் வந்தது. போட்டோ பத்திரமாக வந்து சேர்ந்ததாம். முதல் நாவலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாராம். கீழே, மூலையில், பொடி எழுத்தில் ஒரு வரி: அடுத்த தடவை வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம், வெற்றிலை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கி வா.